டிகிரி கையில் இருக்கிறது, பணம் எங்கே? – பணத் தீர்ப்பை நிறைவேற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாலுகா கோர்ட் வாசலில் கட்சிக்காரர்கள் என்னிடம் கேட்டதையே இங்கே கேள்விகளாகத் தொகுத்திருக்கிறேன். பணம் வர வேண்டியவரும் கேட்டிருக்கிறார், கட்ட வேண்டியவரும் கேட்டிருக்கிறார். பதில்கள் 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தையும், குறிப்பாக வக்கீல்கள் 'ஆர்டர் 21' என்று சொல்லும் பகுதியையும், தமிழ்நாட்டுக் கோர்ட்டுகளில் நடக்கும் முறையையும் வைத்து எழுதியவை. உங்கள் வழக்குக் கட்டைப் பார்க்காமல் யாரும் கடைசி வார்த்தை சொல்ல முடியாது. அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: கேஸ் ஜெயித்துவிட்டேன். இனி கோர்ட்டே பணத்தை வாங்கிக் கொடுத்துவிடும்தானே?

இல்லை. டிகிரி என்பது 'இவர் இவ்வளவு கட்ட வேண்டும்' என்று கோர்ட் போடும் தீர்ப்பாணை. அதைப் போட்டதோடு கோர்ட்டின் வேலை அன்றைக்கு முடிந்தது. எதிராளி தானாக முன்வந்து கட்டினால் சரி. கட்டாவிட்டால், 'இந்த டிகிரியை நிறைவேற்றிக் கொடுங்கள்' என்று நீங்கள்தான் தனியாக மனுப் போட வேண்டும். அதுதான் நிறைவேற்றுதல் மனு, வழக்கு மொழியில் இ.பி. தாவா, அதாவது மூல வழக்கு, நடந்தபோது வாதி, பிரதிவாதி என்று இருந்தவர்கள் இங்கே டிகிரிதாரர், தீர்ப்புக் கடனாளி என்று பெயர் மாறுவார்கள்.

பலர் டிகிரி நகலை லேமினேட் செய்து பீரோவில் வைத்துவிட்டு, 'பணம் ஏன் இன்னும் வரவில்லை' என்று இரண்டு வருடம் கழித்து வருகிறார்கள். அந்த இரண்டு வருடத்தில் எதிராளி நிலத்தை மைத்துனர் பெயருக்கு மாற்றியிருப்பார்.

கேள்வி: இ.பி. போட எவ்வளவு காலம் இருக்கிறது?

பணத்துக்கான டிகிரி என்றால் 12 வருடம். 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 136-ஆவது இனம் அது. டிகிரி செயலுக்கு வரும் நாளிலிருந்து கணக்கு. தவணையாகக் கட்டச் சொன்ன டிகிரி என்றால், தவறிய ஒவ்வொரு தவணைக்கும் அது தவறிய நாளிலிருந்து.

உடம்பு சரியில்லை, வெளியூரில் இருந்தேன் என்று தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் வழி ஆர்டர் 21 மனுக்களுக்குக் கிடையாது. 12 வருடம் ஒரு நாள் என்றால் போச்சு, அவ்வளவுதான். இன்னொன்று, டிகிரி ஆகி இரண்டு வருடம் தாண்டிவிட்டால், எந்த நடவடிக்கைக்கும் முன்னால் கடனாளிக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் போனால் அவர் உஷாராகிவிடுவார். சீக்கிரம் போடச் சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

கேள்வி: எந்தக் கோர்ட்டில் போடுவது? அவர் இப்போது திருப்பூருக்குக் குடிபோய்விட்டார்.

டிகிரி கொடுத்த கோர்ட்டில்தான் தொடங்க வேண்டும். ஆனால் அந்தக் கோர்ட் தன் எல்லைக்கு வெளியே இருக்கும் ஆளையோ சொத்தையோ தொட முடியாது. அதனால் டிகிரியை எதிராளியின் சொத்து இருக்கும் ஊர்க் கோர்ட்டுக்கு மாற்றச் சொல்லி மனுக் கொடுத்து, அங்கே இ.பி. போட வேண்டும். மாற்றல் காகிதம் இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்குப் போவதற்கே சில மாதம் பிடிக்கும். அதற்குள் சொத்தை விற்றுவிடுவார் என்ற பயம் இருந்தால், டிகிரி கொடுத்த கோர்ட்டையே அந்த ஊர்க் கோர்ட்டுக்கு எழுதி, சொத்தைப் பற்றுதல் செய்து, அதாவது விற்க முடியாதபடி ஜப்தியில், வைக்கச் சொல்லலாம். அந்தப் பற்றுதல் இரண்டு மாதம் நிற்கும். அதற்குள் மற்ற வேலையை முடிக்க வேண்டும்.

கேள்வி: அவரிடம் என்ன சொத்து இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. கோர்ட் கண்டுபிடிக்காதா?

எல்லாக் கேள்வியிலும் இதுதான் முக்கியமானது. இ.பி. என்பது கோர்ட்டுக்கு நீங்கள் வழி காட்டும் மனு. எதைப் பற்ற வேண்டும், அது எங்கே இருக்கிறது, நான்கெல்லை என்ன, எந்த அலுவலகத்தில் சம்பளம் என்று நீங்கள் எழுதினால்தான் கோர்ட் அந்தத் திசையில் போகும். வெறுமனே 'பணம் வசூலித்துக் கொடுங்கள்' என்று எழுதினால் மனு திரும்பி வரும்.

ஆகவே கொஞ்சம் துப்பறிய வேண்டும். சர்வே எண் தெரிந்தால் பட்டா, சிட்டாவை இணையத்தில் பார்க்கலாம், வில்லங்கச் சான்று எடுக்கலாம். கடன் கொடுத்த காலத்தில் அவர் தந்த பழைய செக்கில் வங்கிக் கிளையின் பெயர் இருக்கும். கூகுள் பே-யில் வட்டி அனுப்பியிருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்டும் ஒரு தடம்தான். வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கடை நடத்தினால் கடைக்குள் என்ன சரக்கு இருக்கிறது என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அப்படியும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், ஆர்டர் 21 ரூல் 41 இருக்கிறது. கடனாளியைக் கூண்டில் ஏற்றி 'உன்னிடம் என்ன இருக்கிறது' என்று கேட்கலாம். டிகிரி ஆகி 30 நாள் ஆகியும் பணம் வராவிட்டால், சொத்து விவரத்தை அபிடவிட்டாக (சத்தியப் பிரமாண வாக்குமூலமாக) தாக்கல் செய்யச் சொல்லிக் கோர்ட்டிடம் உத்தரவு கேட்கலாம். உத்தரவை அவர் மதிக்கவில்லை என்றால் மூன்று மாதம் வரை சிவில் சிறையில் வைக்கலாம். இந்த ரூலை நம் ஊர்களில் போதுமான அளவு யாரும் பயன்படுத்துவதில்லை என்பது என் எண்ணம். நேராகக் கைது வாரண்ட் கேட்டுவிட்டு, அது தள்ளுபடியாகி, அப்புறம்தான் இதற்கு வருகிறார்கள்.

கேள்வி: சம்பளத்தில் எவ்வளவு பிடிக்க முடியும்?

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 60 ஒரு கணக்கு சொல்கிறது. முதல் 1,000 ரூபாயைத் தொடக் கூடாது. மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக் கூடாது. மிச்சம் இருக்கும் ஒரு பங்குதான் உங்களுக்கு. சம்பளம் 34,000 என்று வைத்துக்கொள்வோம். 1,000 போக 33,000. அதில் மூன்றில் ஒன்று 11,000. மாதா மாதம் இது பிடிக்கப்பட்டுக் கோர்ட்டுக்கு வரும்.

அதுவும் என்றென்றைக்கும் இல்லை. ஒரே டிகிரிக்கு மொத்தம் 24 மாதம்தான். மேலே சொன்ன கணக்கில் 2,64,000 வந்ததும் அந்தக் குழாய் மூடிக்கொள்ளும். ஐந்து லட்சம் டிகிரி இருந்தால் பாக்கிக்கு வேறு வழி பார்க்க வேண்டியதுதான். ஜீவனாம்ச டிகிரிக்கு மட்டும் கணக்கு வேறு. அங்கே மூன்றில் ஒரு பங்குதான் பாதுகாப்பு, மீதி இரண்டு பங்கையும் பற்றலாம்.

அரசு ஊழியர் எந்த ஊரில் வேலை பார்த்தாலும், டிகிரி கொடுத்த கோர்ட்டே அவருக்குச் சம்பளம் வழங்கும் அலுவலருக்கு உத்தரவு அனுப்பலாம். தனியார் கம்பெனி என்றால் சம்பளம் வழங்குபவர் அந்தக் கோர்ட்டின் எல்லைக்குள் இருக்க வேண்டும், இல்லையேல் டிகிரியை மாற்ற வேண்டும். உத்தரவு வந்த பிறகும் பிடிக்காமல் முழுச் சம்பளத்தையும் கொடுத்தால், அந்தத் தொகைக்குக் கம்பெனியே பொறுப்பு.

கூலித் தொழிலாளி, வீட்டு வேலை செய்பவர் ஆகியோரின் கூலியைத் தொடவே முடியாது.

கேள்வி: வங்கிக் கணக்கை முடக்கலாமா?

முடக்கலாம். வங்கி என்பது உங்கள் கடனாளிக்குக் கடன்பட்டிருக்கும் ஆள் என்பது சட்டத்தின் பார்வை. அந்த வங்கியை மூன்றாம் ஆளாகச் சேர்த்து நோட்டீஸ் கொடுத்தால், இருப்பில் இருக்கும் பணத்தைக் கோர்ட்டில் கட்டச் சொல்லலாம். 'கார்னிஷி நோட்டீஸ்' என்று வக்கீல் சொன்னால் இதைத்தான் சொல்கிறார்.

அரசு ஓய்வூதியம், பணிக்கொடை, பி.எப்., எல்.ஐ.சி. பாலிசிப் பணம் எல்லாம் விலக்கு. ஓய்வூதியம் கைக்கு வந்து வங்கியில் டெபாசிட்டாகப் போட்டபின்கூட அந்தப் பாதுகாப்பு போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 2008 வாக்கிலேயே சொல்லிவிட்டது. நீங்கள் கடனாளியாக இருந்து, உங்கள் ஓய்வூதியக் கணக்கு முடங்கியிருந்தால், பாஸ்புக்கோடு போய் மனுக் கொடுங்கள். தானாக யாரும் விடுவிக்க மாட்டார்கள்.

கேள்வி: அமீனா (கோர்ட் உத்தரவை நிறைவேற்ற வரும் ஊழியர்) வீட்டுக்கு வந்தால் எல்லாச் சாமானையும் தூக்கிக்கொண்டு போய்விடுவாரா?

'ஜப்தி' என்ற சொல்லுக்கு நம் ஊரில் இருக்கும் பயம் அதற்குள் இருக்கும் சட்டத்தைவிடப் பெரியது.

உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை ஆகியவற்றைத் தொடக் கூடாது. தாலி போல, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகையைத் தொடக் கூடாது. தச்சரின் உளி, தையல்காரரின் மெஷின் போன்ற தொழில் கருவிகளைத் தொடக் கூடாது. விவசாயி என்றால் ஏர்க்கருவி, பிழைப்புக்குத் தேவையான மாடு, விதைநெல், அவர் குடியிருக்கும் வீடு எல்லாம் விலக்கு. கூலித் தொழிலாளியின் குடியிருப்பும் அப்படித்தான். பொழுது சாய்ந்த பிறகும் பொழுது விடிவதற்கு முன்பும் ஜப்திக்காக வீட்டுக்குள் நுழையக் கூடாது.

டி.வி., பிரிட்ஜ், பைக், கடைச் சரக்கு இவையெல்லாம் போகும். ஒரு ஜப்திக்கு அமீனாவோடு நானும் போயிருந்தேன். வாசலில் புத்தம்புது பைக். கடனாளியின் அம்மா திண்ணையில் உட்கார்ந்து, 'அது எம் பேரன் வண்டி, ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்க' என்றார். பார்த்தோம், பேரன் பெயர்தான். உள்ளே டி.வி. இருந்த இடத்தில் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. சுற்றிலும் சதுரமாக, மற்ற சுவரைவிட வெளுப்பாக ஒரு தடம். முந்தின நாள் ராத்திரி யாரோ தகவல் சொல்லியிருக்கிறார்கள். 'பற்றத் தக்க பொருள் ஏதும் இல்லை' என்று அமீனா எழுதி, தெருக்காரர் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கினார். மூன்று வாய்தா, பேட்டா பணம், ஆட்டோ வாடகை எல்லாம் சேர்த்து என் கட்சிக்காரருக்குச் செலவுதான் மிச்சம்.

அதற்குப் பிறகு வீட்டுச் சாமான் ஜப்தி கேட்டு வருகிறவர்களிடம் நான் ஒன்று கேட்பேன்: பணம் வேண்டுமா, அவரைத் தெருவில் அவமானப்படுத்த வேண்டுமா? இரண்டாவதுதான் என்றால் செலவைத் தாங்க முடியுமா என்று யோசியுங்கள். பழைய டி.வி. ஏலத்தில் என்ன விலைக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

கேள்வி: வீடு, நிலம் ஏலத்துக்கு வருவது எப்படி?

முதலில் பற்றுதல். 'இந்தச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது' என்று தடை உத்தரவு. அதைச் சொத்து இருக்கும் இடத்தில் தண்டோரா போட்டு அறிவித்து, சொத்திலும் கோர்ட்டிலும் ஒட்டுவார்கள். சட்டப் புத்தகத்தில் தண்டோரா இன்னும் இருக்கிறது. உத்தரவின் நகல் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் போய்ச் சேர்ந்ததா என்று நீங்களே ஒரு நடை பார்த்துவிடுங்கள். வில்லங்கச் சான்றில் ஏறினால்தான் வாங்க வருகிறவர் பின்வாங்குவார். பற்றிய பிறகு அவர் விற்றாலும், உங்கள் டிகிரியைப் பொறுத்தவரை அந்த விற்பனை செல்லாது.

அடுத்தது ஏல அறிவிப்பு. சொத்தின் மதிப்பை நீங்களும் சொல்லலாம், கடனாளியும் சொல்லலாம். கடனாளிகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் வாய்தாவுக்கு வராமல் இருந்துவிட்டு, சொத்து அடிமாட்டு விலைக்குப் போன பிறகு அலறுகிறார்கள். மதிப்பு பேசும் அன்றைக்கு வர வேண்டும். வந்து, கடனுக்குத் தேவையான அளவு மட்டும் விற்றால் போதும் என்றும் கேட்க வேண்டும். இரண்டு லட்சத்துக்காக இரண்டு ஏக்கரையும் விற்க முடியாது, பிரித்து விற்க முடிந்தால் பிரித்துத்தான் விற்க வேண்டும். ஆர்டர் 21 ரூல் 64 அதைத்தான் சொல்கிறது. இதைக் கவனிக்காமல் நடந்த ஏலங்களை உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது.

அறிவிப்பு ஒட்டி 15 நாள் கழித்துத்தான் ஏலம். அமீனா கோர்ட் வாசலில் நின்று ஒரு தரம், இரண்டு தரம் என்று கூவுவார். எடுத்தவர் அங்கேயே 25 சதவீதம் கட்ட வேண்டும், மீதியை 15 நாளுக்குள். கட்டத் தவறினால் மறு ஏலம்தான். டிகிரிதாரரும் ஏலம் கேட்கலாம், ஆனால் கோர்ட்டின் முன் அனுமதி வேண்டும்.

ஏலம் முடிந்தாலும் கதை முடியவில்லை. 60 நாளுக்குள் கடனாளி, அறிவிப்பில் கண்ட தொகையையும், ஏலம் எடுத்தவருக்கு ஏலத்தொகையில் 5 சதவீதத்தையும் கட்டிவிட்டால் ஏலம் ரத்து. பத்து லட்சத்துக்குப் போன வீடு என்றால் எடுத்தவருக்கு 50,000 கூடுதலாகக் கொடுத்து வீட்டை மீட்கலாம். காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, பணம் இருந்தால் போதும். ஏலத்தில் மோசடி அல்லது பெரிய முறைகேடு நடந்து அதனால் நஷ்டம் என்றால் அதற்கு வேறு மனு. அங்கே நிரூபிக்கும் பாரம் மனுப் போடுகிறவர் மேல்.

கேள்வி: கேஸ் போட்டதுமே சொத்தை மனைவி பெயருக்கு எழுதிவிட்டார். என்ன செய்வது?

கடன்காரரை ஏமாற்றுவதற்காகவே எழுதிய பத்திரம் என்று காட்ட முடிந்தால், சொத்து மாற்றுச் சட்டத்தின் பிரிவு 53 துணைக்கு வரும். எழுதிய தேதி, கைமாறிய பணம் உண்டா, எழுதிய பிறகும் யார் அனுபவத்தில் இருக்கிறது என்பதையெல்லாம் கோர்ட் பார்க்கும். ஆனால் இது நீண்ட பாதை.

இதைவிட நல்லது, தாவா போடும்போதே 'தீர்ப்புக்கு முந்திய பற்றுதல்' கேட்பது, ஆர்டர் 38 ரூல் 5. எதிராளி சொத்தை விற்கப் பார்க்கிறார் என்பதற்கு ஏதாவது ஆதாரம் வேண்டும், சந்தேகம் மட்டும் போதாது. தரகரிடம் பேசியது, 'விற்பனைக்கு' என்று போர்டு மாட்டியதன் போட்டோ, இப்படி ஏதாவது. பணம் வசூலான பெரும்பாலான கேஸ்களில், முதல் மாதத்திலேயே இந்த மனுப் போட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கடன் கட்டாவிட்டால் ஜெயிலா?

கட்ட முடியாதவரை ஜெயிலில் போட முடியாது. கட்ட முடிந்தும் கட்டாமல் இருப்பவரைப் போடலாம். வித்தியாசம் அங்கேதான்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 51 சொல்வது இது: அவர் ஓடிப்போகப் பார்க்கிறார், அல்லது தாவா போட்ட பிறகு சொத்தை நேர்மையின்றி மறைத்தார், அல்லது டிகிரிக்குப் பிறகு கையில் வசதி இருந்தும் கட்ட மறுத்தார் என்று காரணத்தை எழுத்தில் பதிவு செய்துதான் கோர்ட் சிறைக்கு அனுப்ப முடியும். 1980-இல் கொச்சி வங்கி சம்பந்தப்பட்ட வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதைத் தெளிவாக எழுதினார். வெறுமனே கட்டவில்லை என்பது போதாது, அதற்குப் பின்னால் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும், ஏழ்மை குற்றமில்லை என்பது அதன் சாரம்.

வழக்கமாக முதலில் 'ஏன் உங்களைச் சிறையில் வைக்கக் கூடாது' என்று நோட்டீஸ் வரும். கட்ட வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன்: இந்த வாய்தாவுக்குக் கட்டாயம் போங்கள். போகாவிட்டால் வாரண்ட் பிறக்கும். போய், வருமானம் என்ன, செலவு என்ன, எத்தனை பேர் உங்களை நம்பி இருக்கிறார்கள் என்று ஆதாரத்தோடு சொல்லுங்கள். டிகிரிதாரருக்கு: 'அவருக்கு வசதி இருக்கிறது' என்று அபிடவிட்டில் எழுதினால் போதாது. எந்த வசதி என்று காட்ட வேண்டும்.

5,000 ரூபாய்க்கு மேல் என்றால் மூன்று மாதம் வரை. 2,000-க்கு மேல் 5,000 வரை என்றால் ஆறு வாரம். 2,000 ரூபாய்க்குள் என்றால் சிறையே கிடையாது. உள்ளே இருக்கும் நாளெல்லாம் அவருடைய சாப்பாட்டுப் படியை டிகிரிதாரர் கட்ட வேண்டும். கட்டாத நாளில் விட்டுவிடுவார்கள். இதைக் கேட்டதும் பல கட்சிக்காரர்களுக்கு முகம் மாறிவிடும். சிறைக்குப் போய் வந்ததால் கடன் தீராது. ஆனால் அதே டிகிரிக்கு மறுபடி கைது செய்யவும் முடியாது.

கேள்வி: கடனாளி பெண். கைது வாரண்ட் கேட்கலாமா?

பணத்துக்கான டிகிரியில் பெண்களைக் கைது செய்யக் கூடாது, பிரிவு 56. சொத்து, சம்பளம், வங்கிக் கணக்கு இவற்றின் மேல் போகலாம்.

கேள்வி: 'மஞ்சள் கடுதாசி' கொடுத்துவிட்டால் தப்பித்துவிடலாமா?

ஊரில் மஞ்சள் கடுதாசி என்று சொல்வது திவால் மனுவை. சென்னைக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம், மற்ற ஊர்களுக்கு 1920-ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டம். 2016-இல் புதிய திவால் சட்டம் வந்தாலும், சாதாரணத் தனிநபர்களுக்கான அதன் பகுதி நடைமுறைக்கு வரவில்லை.

மனுக் கொடுத்த கையோடு எல்லாம் நின்றுவிடும் என்பது தப்பு. கோர்ட் திவாலானவர் என்று அறிவிக்க வேண்டும். அறிவித்தால், கோர்ட் அனுமதியில்லாமல் கடன்காரர்கள் தனித்தனியாக அவர் சொத்தின் மேல் போக முடியாது, சொத்து பொதுவாகப் போய் எல்லோருக்கும் விகிதப்படி பங்காகும். அடமானம் வாங்கி வைத்திருப்பவரின் உரிமை அப்படியே இருக்கும். சொத்தை மறைத்துவிட்டு மஞ்சள் கடுதாசி கொடுத்தால் அது எதிராகவே திரும்பும்.

கேள்வி: அப்பா வாங்கிய கடன். அவர் இறந்துவிட்டார். டிகிரி என் மேல் வருமா?

அப்பாவிடமிருந்து உங்களுக்கு வந்த சொத்தின் அளவுக்கு வரும், அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வராது. உங்கள் சம்பளம், நீங்கள் சம்பாதித்து வாங்கிய மனை இவற்றைத் தொட முடியாது. இந்து மகன் அப்பா கடனைத் தீர்ப்பது புண்ணியக் கடமை என்ற பழைய கொள்கை, 2005-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, அதற்குப் பிறகு வாங்கிய கடன்களுக்குப் போய்விட்டது. நோட்டீஸ் வந்தால் 'எனக்கு எந்தச் சொத்தும் வரவில்லை' என்று எதிருரை போடுங்கள். பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: அப்பீல் போட்டிருக்கிறேன். இ.பி. நின்றுவிடும்தானே?

நிற்காது. தனியாகத் தடை உத்தரவு வாங்கினால்தான் நிற்கும். பணத் தீர்ப்பு என்றால் தொகையில் ஒரு பகுதியையாவது கட்டச் சொல்லி, அல்லது ஜாமீன் கேட்டுத்தான் பெரும்பாலும் தடை தருவார்கள்.

கேள்வி: எனக்குச் சம்மனே வரவில்லை. அமீனா வந்தபோதுதான் கேஸே தெரியும். இ.பி.யில் இதைச் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் பயன் இருக்காது. இ.பி. கோர்ட் டிகிரிக்குப் பின்னால் போய், அது சரியா தப்பா என்று பார்க்காது. ஒருதலைப்பட்சமாக டிகிரி ஆகியிருந்தால், அதைக் கொடுத்த கோர்ட்டில் ரத்து மனுப் போட வேண்டும். 30 நாள் கெடு. சம்மன் முறையாக வராதிருந்தால் உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து கெடு. தாமதம் ஆனாலும் இந்த மனுவில் மன்னிப்புக் கேட்க வழி உண்டு.

கேள்வி: டிகிரிக்குப் பிறகு கையில் 80,000 கொடுத்தேன். இப்போது முழுத் தொகைக்கும் இ.பி. போட்டிருக்கிறார். நியாயமா?

நியாயம் இல்லைதான். ஆனால் கோர்ட்டில் பதிவாகாத பணத்தை இ.பி. கோர்ட் கணக்கில் எடுக்காது. ஆர்டர் 21 ரூல் 2 அவ்வளவு கறார். வெளியே கொடுத்த பணத்தைப் பதிவு செய்யச் சொல்லி 30 நாளுக்குள் நீங்கள் மனுக் கொடுத்திருக்க வேண்டும். மளிகைக் கடை பில்லின் பின்பக்கத்தில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி வாங்கிய சீட்டை ஒருவர் என்னிடம் நீட்டினார். தேதி பதினான்கு மாதம் முந்தியது. கையெழுத்து உண்மை, பணம் உண்மை. அந்தச் சீட்டை வைத்து அந்த இ.பி.யில் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கோர்ட்டில் கட்டி, டிகிரிதாரருக்கு நோட்டீஸ் கொடுத்துவிடுங்கள். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து அந்தத் தொகைக்கு வட்டியும் நிற்கும். வெளியே கொடுத்தால் வங்கி வழியாகக் கொடுத்து, அந்த மாதத்திலேயே பதிவு செய்யுங்கள். தவணை கேட்பதானால் தாவா நடக்கும்போதே கேட்பது நல்லது. டிகிரி ஆன பிறகு டிகிரிதாரர் சம்மதித்தால்தான் தவணை.

கேள்வி: வட்டி எவ்வளவு ஓடும்?

டிகிரியில் எழுதியபடி. டிகிரிக்குப் பிந்திய வட்டி சாதாரணக் கடனுக்கு ஆண்டுக்கு 6 சதவீதத்தைத் தாண்டாது. வியாபாரக் கடன் என்றால் ஒப்பந்த வட்டி வரை போகலாம். இரண்டு லட்சம் அசலுக்கு 6 சதவீதம் என்றால் வருடம் 12,000. கொடுக்கும் பணம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதலில் வட்டிக்கும் செலவுக்கும் கழிந்த பிறகுதான் அசலுக்கு வரும்.

கேள்வி: அரசுப் பஸ்ஸை ஜப்தி செய்கிறார்களே, அரசாங்கத்தின் மேலும் இ.பி. போடலாமா?

போடலாம். பஸ் நிலையத்தில் பயணிகளை இறக்கிவிட்டு, கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டி, பஸ்ஸைக் கோர்ட் வளாகத்துக்குக் கொண்டுபோகும் படம் பேப்பரில் வருவது நமக்குப் பழக்கம்தான். விபத்து இழப்பீடு கட்டாத போக்குவரத்துக் கழகத்தின் மேல் வந்த உத்தரவு அது. அடுத்த நாளே செக் வந்துவிடும் என்பதால் வக்கீல்களுக்குப் பிடித்த வழி. போக்குவரத்துக் கழகம் தனிக் கம்பெனி என்பதால் காத்திருக்க வேண்டியதில்லை. கலெக்டர், துறைச் செயலாளர் போல அரசே எதிர்த்தரப்பு என்றால், டிகிரி தேதியிலிருந்து மூன்று மாதம் கட்டாமல் இருந்த பிறகுதான் நிறைவேற்றச் சொல்ல முடியும்.

கேள்வி: எவ்வளவு நாளில் முடியும்?

2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், இ.பி. போட்ட ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றது. 2025 மார்ச்சில், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு நில வழக்கில் அதையே மறுபடி சொல்லி, நிலுவைக் கணக்கை எல்லா உயர் நீதிமன்றங்களிடமும் கேட்டது. அந்த வழக்கின் டிகிரி 1986-ஆம் ஆண்டுடையது. வந்த கணக்குப்படி நாடு முழுக்க 8 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல் இ.பி.கள் நிலுவை.

நான் பார்த்த வரை, சம்பளப் பிடித்தம் ஓர் ஆண்டுக்குள் ஓட ஆரம்பிக்கும். நில ஏலம் என்றால் மூன்று வருடம் ஆனாலும் ஆச்சரியப்பட மாட்டேன். ஒரு விஷயத்தில் கவனம்: நீங்களோ வக்கீலோ வாய்தாவுக்குப் போகாமல் இ.பி. தள்ளுபடியானால், பற்றுதல் தொடர்கிறதா என்று கோர்ட் உத்தரவில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பற்றுதலும் போய்விடும். புது இ.பி. போடலாம்தான், அதற்குள் சொத்து நழுவியிருக்கும்.

கேள்வி: போலீஸில் சொன்னால் சீக்கிரம் முடியுமா? ஆள் வைத்து வண்டியைத் தூக்கலாமா?

டிகிரிப் பணத்தை வசூலிப்பது போலீஸின் வேலை இல்லை. ஜப்திக்குப் போகும்போது தகராறு வரும் என்று தெரிந்தால், பாதுகாப்புக் கேட்டுக் கோர்ட்டில் மனுப் போட்டு உத்தரவு வாங்கலாம். ஆள் வைத்து வண்டியைத் தூக்கினால், அடுத்த கேஸில் நீங்கள் எதிரியாக நிற்பீர்கள்.

கேள்வி: பணம் முழுக்க வந்துவிட்டது. இன்னும் ஏதாவது செய்ய வேண்டுமா?

டிகிரிதாரர், முழுத் தொகையும் பெற்றதாக மெமோ போட்டு இ.பி.யை முடிக்க வேண்டும். கட்டியவர் அதோடு வீட்டுக்குப் போய்விடக் கூடாது. பற்றுதலை விலக்கும் உத்தரவை வாங்கி, அது சார்பதிவாளர் அலுவலகம் போய்ச் சேர்ந்து, வில்லங்கச் சான்றில் ஏறும் வரை கூடவே நிற்க வேண்டும். கடனைக் கட்டி முடித்து ஒன்பது வருடம் கழித்து, மகள் கல்யாணத்துக்கு நிலத்தை விற்கப் போன ஒருவருக்கு, வில்லங்கத்தில் அந்தப் பழைய இ.பி. எண் அப்படியே நின்றது. டிகிரிதாரர் இறந்துவிட்டார், கட்டு ரிக்கார்டு ரூமில் எங்கேயோ. அந்த எண்ணை அடிப்பதற்கு அவருக்குப் பதினோரு மாதம் ஆயிற்று.